சிக்ஸ்லைன் ராஸின் அட்டகாசம்: கண்ணாடியா, பெட்டியா, கல்லை மாற்றுவதா?

ஜீவன்பீமா நகரில் எங்கள் வீட்டில் இருப்பது நாலடி நீள உப்புநீர்த் தொட்டி, அகலமும் உயரமும் இரண்டிரண்டு அடி, கணக்குக்கு 450 லிட்டர். அதில் நான் முதன்முதலில் விட்ட ராஸ் (wrasse என்கிற கடல்மீன் குடும்பம்) சிக்ஸ்லைன் வகை. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. "ரொம்ப சாது மீன் சார்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார், ஆறு மாதம் சாதுவாகவும் இருந்தது, சண்டை போட இன்னொரு ராஸ் இல்லையே! ஒரு மெலனூரஸ் ராஸைக் கொண்டுவந்து விட்ட அரை மணி நேரத்தில் அதன் வால் கிழிந்து, மணலுக்குள் போனது இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. "பத்து மாச அட்வான்ஸ் வாங்கின ஹவுஸ் ஓனர் மாதிரி நடந்துக்குது" என்றாள் மனைவி. பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தச் சண்டையை அடக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன், ஒரே மாதிரி பலன் எதுவும் தரவில்லை.

முதலில் கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் பக்கவாட்டில் வெளியே ஒட்டிவிட்டால், அடாவடி மீன் தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டும், புதுமீன் அதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளும் என்பது கணக்கு. செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆண் ஃபேரி ராஸ் என்றால் இது நன்றாகவே வேலை செய்கிறது, துடுப்பை விரித்து நிறம் மின்ன ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கும், பார்க்கவும் அழகு. சிக்ஸ்லைன் அப்படி இல்லை. முதல் நாள் முறைத்தது, இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தது, மூன்றாம் நாள் கண்ணாடியைச் சட்டை செய்யாமல் நேரே மெலனூரஸைத் தேடிப் போனது. ஓரிரு நாள் அவகாசம் வாங்க உதவும், அவ்வளவுதான்.

கல்லை மாற்றி அடுக்குவது அடுத்த யோசனை. பழைய மீனுக்குத் தன் வீட்டின் அடையாளம் தெரியாமல் போனால் எல்லோரும் அன்று புதிதாக வந்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்கிறார்கள். டாம்செல் மாதிரி ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கும் மீனுக்கு இது சரி. சிக்ஸ்லைன் முழுத் தொட்டியையும் தன் எல்லையாக நினைக்கிறது, நாள் முழுக்க ஒவ்வொரு இடுக்காக ரோந்து சுற்றுகிறது, நான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முதுகு ஒடிய அடுக்கியதைத் திங்கள் காலைக்குள் மனப்பாடம் செய்துவிட்டது. நடு நீரில் திரியும் ஃபேரி, ஃப்ளாஷர் வகைகளுக்கோ கல் எங்கே இருந்தால் என்ன? போதாததற்கு அடியில் தேங்கிய கசடு கிளம்பித் தண்ணீர் கலங்கும், ஒட்டிவைத்த பவளங்கள் இருந்தால் அதுவும் கெட்டது. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அக்லிமேஷன் பாக்ஸ் என்கிற ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டி கொஞ்சம் செலவு வைக்கும், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். புதுமீனை அதில் விட்டு, பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், கடிக்க முடியாது. புதுமீனும் பயமில்லாமல் சாப்பிடப் பழகும். எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாலு நாளிலிருந்து ஒரு வாரம் என்று பொதுவாகச் சொன்னாலும் நாளை எண்ணாதீர்கள், பழைய மீனைப் பாருங்கள். அது பெட்டியை முட்டுவதை நிறுத்தி, பக்கத்தில் வந்தும் கண்டுகொள்ளாமல் போக ஆரம்பித்த பிறகுதான் திறக்க வேண்டும். இன்னொன்று, மெலனூரஸ், லெப்பர்டு போன்றவை இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. வெறும் பெட்டியில் இருட்டியதும் தவித்துப்போய்ச் சுவரில் மோதும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி உள்ளே வையுங்கள். ஃபேரி ராஸுக்கு அது தேவையில்லை, அது கல் இடுக்கில் சளிக்கூடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு தூங்குகிற ஜாதி.

பெட்டியில் வைத்தபோதும் என் சிக்ஸ்லைன் ஒன்பதாம் நாள் வரை முட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பெட்டியைத் தலைகீழாகப் பயன்படுத்தலாமே என்று தோன்றியது. ரவுடியைப் பிடித்து உள்ளே போட்டு, புதுமீனை வெளியே விட்டேன். பத்து நாளில் மெலனூரஸ் தொட்டியின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றித் தெம்பாகிவிட்டது. சிக்ஸ்லைனைத் திறந்துவிட்டபோது நிலைமை மாறியிருந்தது, துரத்தல் இருந்தது, ஆனால் கடி இல்லை. ஃபேரி, ஹாலிகோரஸ் (மெலனூரஸ் இந்த வகைதான்) சண்டைகளுக்கு இந்தத் தலைகீழ் முறையே போதும் என்பது என் எண்ணம். ஒரு சிக்கல், ரவுடியைப் பிடிக்க வேண்டுமே! பகலில் வலையோடு போனால் கல்லுக்குள் புகுந்துவிடும். நான் பொறி வைத்து, உள்ளே மைசிஸ் இறாலைப் போட்டு, இரண்டு நாள் காத்திருந்துதான் பிடித்தேன்.

எந்த வழியில் போனாலும் தீனியை விட்டுவிடாதீர்கள். ராஸ் மீன்களுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகிறது, அதனால் சீக்கிரம் பசிக்கும். பசித்த ராஸ் சண்டைக்கார ராஸ். ஆபீஸ் போகும் முன் ஒரு தடவை போட்டுவிட்டு, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி இரவு ஒன்பதுக்கு வந்து அடுத்த வேளை போட்டால் அது என்ன செய்யும்? மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மேலே வலை மூடியும் கட்டாயம், துரத்தப்படும் ராஸ் துள்ளும், கால் அங்குலக் கண்ணுக்கு மேல் இருந்தால் ஒல்லியானவை அதன் வழியாகவே தரைக்கு வந்துவிடும்.

இதெல்லாம் வந்த பின் காக்கும் வேலை. இப்போதுதான் தொட்டி வைக்கிறீர்கள் என்றால் ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது, வரிசை. சாதுவானவை முதலில்: லெப்பர்டு, பாசம் ராஸ் (தமிழில் எழுதினால் பெயருக்கேற்ற குணம்தான்). பிறகு ஃப்ளாஷர், அப்புறம் ஃபேரி, ஹாலிகோரஸ். ஒரே இனத்தில் இரண்டு ஆண் வேண்டாம். பெரும்பாலான ராஸ்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை, இரண்டு பெண் வாங்கினேன் என்று நிம்மதியாக இருந்தாலும் ஒரு வருடத்தில் கதை மாறலாம். நிறமும் உருவமும் ஒத்தவற்றையும் சேர்க்காதீர்கள். இரண்டு ஆண் ஃபேரி பக்கம் பக்கமாகத் துடுப்பை விரித்து மின்னுவதைப் பார்த்துப் பயந்து வலையைத் தூக்கவும் வேண்டாம், அது வெறும் பந்தா. ஒன்று மூலையில் ஒதுங்கி, சாப்பிட வராமல், வால் கிழிந்து நின்றால்தான் சண்டை.

சிக்ஸ்லைன் அந்த வரிசையில் கடைசி. நாலடித் தொட்டியில் வேறு ராஸ்கள் இருக்கும்போது கடைசியில்கூட அது வேண்டாம் என்பேன். மெலனூரஸோடு அது ஒத்துப்போனதை நம்பி நான் ஒரு ஃப்ளாஷரை விட்டேன், இரண்டே நாளில் மறுபடி பொறி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது சிக்ஸ்லைன் கீழே சம்பில் (மீன்தொட்டியின் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) தனியாகக் குடியிருக்கிறது. அங்கேயும் பம்பைத் தன் சொத்து என்று நினைத்துக் காவல் காக்கிறது, நான் கையை விட்டால் விரலைப் பார்த்து வருகிறது. வேறு ராஸ் இல்லாத தொட்டி யாரிடமாவது இருந்தால் இலவசமாகவே கொடுத்துவிடுவேன், திருப்பி வாங்கமாட்டேன் என்ற ஒரே நிபந்தனையோடு.