ஸ்பீக்கர் கெட்டுப்போன மூன்று வாரம்

மலேசியாவில், தெலுக் இந்தானில் டியூஷன் நடத்தும் தோழி போன வாரம் கேட்டாள்: "புரொஜெக்டர் வாங்கலாமா? படம் காட்டினா பிள்ளைங்க நிஜமாவே தமிழ்ல பேசுறாங்களா?" நேற்றுதான் 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஸ்பீக்கரைச் சரிசெய்து எடுத்து வந்தேன். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தையில் (2007-லேயே ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, எங்கள் வாய்தான் மாறவில்லை) மூன்று வருடமாக வாரம் ஒரு அனிமேஷன் குறும்படம் காட்டித் தமிழில் பேச வைக்கிறேன். வசனமில்லாத படமாகத்தான் எடுப்பேன். வசனம் இருந்தால் அதையே திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். அதிகம் ஓடியது பிக்சாரின் 'பைப்பர்', 2016-இல் வந்த ஆறு நிமிடப் படம். அலைக்குப் பயந்த உள்ளான் (கடற்கரைப் பறவை) குஞ்சு, மணலில் புதைந்துகொள்ளும் குட்டி நண்டைப் பார்த்துப் பயம் தெளிகிற கதை. எங்கள் பிள்ளைகளுக்கு அது கோழிக்குஞ்சு, சரி.

பள்ளியில் தொடர்படம் பார்த்துக் கதை எழுதிப் பழகியவர்கள்தான். ஆனாலும் படம் முடிந்து விளக்கைப் போட்டால் வருவது ஒரே சொல். "அப்புறம் அலை வந்துச்சு, அப்புறம் நனைஞ்சிருச்சு, அப்புறம்…" நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் சொன்ன கதையில் 17 அப்புறம் எண்ணினேன். பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் கொஞ்சம் தேவலை. "ஏன்னா", "ஒருவேளை" எல்லாம் எட்டிப் பார்க்கும்.

அப்போதுதான் ஸ்பீக்கர் மண்டையைப் போட்டது. கடையில் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். வேறு வழியில்லாமல் ஊமைப்படமாக ஓட்டினேன். குஞ்சு ஓடியபோது கடைசி வரிசையில் ஒருத்தி மெதுவாக, "குடுகுடுன்னு ஓடுது" என்றாள். அலைக்கு ஒருவன் "சலசல" என்றான். "அது ஆத்துத் தண்ணிக்குடா!" என்று அவள் மடக்கினாள். பெரிய சண்டை. கடைசியில் இன்னொருவன் எழுந்தான்: "எங்கப்பா செம்பனைக் குலைய வெட்டித் தள்ளுவாரே டீச்சர், அந்த மாதிரி 'தொம்'முன்னு விழுது." நனைந்த குஞ்சு வெடவெடவென நடுங்கியதை மொத்த வகுப்பும் நடுங்கியே காட்டியது. இரட்டைக்கிளவியை மனப்பாடமாக ஒப்பித்தே பழகிய வாய்கள்! அன்றைக்கு அப்புறத்தை எண்ண மறந்துவிட்டேன்.

நேற்று மாலை ஸ்பீக்கரோடு அதே படம். இசை அருமைதான், குறை சொல்ல மாட்டேன். ஆறு நிமிடமும் வாயைப் பிளந்து பார்த்தார்கள், ஒரு சத்தமில்லை. விளக்கைப் போட்டேன்.

"அப்புறம் டீச்சர்…"

தோழி, புரொஜெக்டர் சரி, ஸ்பீக்கர் மட்டும் வாங்காதே. காசைப் பத்திரமாக வை. நான் சனிக்கிழமைக்கு வேறு படம் இறக்கிவிட்டேன். ஸ்பீக்கர் வயர் மட்டும் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.