யூனோஸ் ரோட்ஸ்டர்: 11 வருடமும் இரண்டு ஓட்டையும்

சிநேகிதன் ஒருவன் யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை, அதாவது மாஸ்டா ஜப்பானில் விற்ற, கூரை மடிக்கிற இரண்டு சீட்டுக் காரை, பார்த்து வைத்திருக்கிறான். "மச்சான், நீதான் 11 வருடமாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமோ?" என்று கேட்டான். கேட்ட நேரம் பிழை. முதல் நாள்தான் வெல்டிங் வேலைக்கு 3,800 டொலர் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

என்னுடையது 1991ஆம் ஆண்டுக் கார். 15 வயது தாண்டிய வாகனத்தைக் கனடாவுக்குள் இறக்கலாம் என்பதால் ஜப்பானில் இருந்து நேரே வந்தது. வந்தபோது அடியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. ரொறன்ரோவின் உப்பு ரோட்டில் ஒரு விண்டர்கூட ஓட்டவில்லை. நவம்பர் பிறந்தால் மூடிக் கட்டிவிடுவேன். அப்படியும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரப் பெட்டி, பின் சில்லுக்குக் கிட்ட, உக்கிப்போய்விட்டது. உள்ளே இருந்து.

துணிக் கூரையில் விழுகிற மழை பின்பக்க வாய்க்காலுக்கு வந்து, பக்கத்துக்கு ஒரு குழாயால் இறங்கி, பின் சில்லுக்கு முன்னால் நிலத்தில் சொட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் குழாயின் வாயில் நாலு பைன் இலை விழுந்தால் போதும். தண்ணீர் நிரம்பி வழிந்து, கார்ப்பெட்டுக்கும் அந்தத் தகரப் பெட்டிக்கும் போய்ச் சேரும். வெளியில் பெயின்ற் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் 'சளக்' என்றது. தண்ணீர்ப் போத்தில் உருள்கிறதாக்கும் என்று சீட்டுக்குப் பின்னால் தேடினேன். போத்தில் இல்லை.

முதலில் கொடுத்த கராஜில் கறளுக்கு மேலேயே தகடு வைத்து ஒட்டி, கறுப்பு ஸ்பிரே அடித்துத் தந்தார்கள். இரண்டு வருடத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. இந்த முறை வேறொருவர். வெளித் தகடு புதிதாக வாங்க முடிந்தது. உள் தகட்டை அவரே தட்டையான தகரத்தில் மடித்துச் செய்தார். வெட்டி எடுத்த துண்டை உதற, ஒரு கை நிறையக் கறுப்புச் சேறும், முழுசாக ஒரு மேப்பிள் இலைக் காம்பும் விழுந்தன. என் வீட்டு மரம்தான்.

காரைச் செய்த கம்பனியைக் குறை சொல்ல வரவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை குழாயைத் துப்பரவாக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முப்பது வருடம் கழித்தும் யாராவது இதை மரத்துக்குக் கீழே நிறுத்துவான் என்று யார் நினைத்திருப்பார்? ஆனால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். காற்றடித்து அடைப்பை எடுக்கப் பார்த்து, குழாயையே மேலே கழற்றிவிட்டேன். யாரும் அதைச் செய்யாதீர்கள். புல் வெட்டுகிற மெசினின் நைலோன் நூல்தான் சரி, நுனியை மழுக்கிவிட்டு மெல்ல விடவேண்டும்.

மற்றபடி? எஞ்சின் ஒரு நாளும் நடுரோட்டில் விட்டதில்லை. கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் இரண்டு தரம் ஒழுகியது. மலிவுச் சாமான், ஒரு பின்னேர வேலை. பாகங்களுக்கும் பஞ்சமில்லை. மாஸ்டாவே 2017இல் அறிவித்து, ஜப்பானில் இந்தத் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியது, அதற்காகக் கூரைத் துணியைக்கூட மறுபடி செய்தார்கள். கியர் மணிக்கட்டை அசைக்கிற அளவுக்குள் விழும். 940 கிலோதான் என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரியும். பொத்தானை அமத்த இரண்டு ஹெட்லைட்டும் தவளைக் கண்போல எழும்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை காட்டுவார்கள்.

வலது பக்க ஸ்டியரிங்கால், காரில் இருந்தபடியே வாங்குகிற கோப்பிக் கடை யன்னல் எப்போதும் பக்கத்தில் இருக்கிற அப்பாவின் பக்கம். கோப்பியை வாங்குவதும் அவர், காசு கொடுப்பதும் அவர். ஊரில் ஓடின பழைய ஓஸ்ரின் காரில் ஏறினது மாதிரி இருக்கிறது என்பார். தனியாகப் போகிற நாளில் நான் பக்கத்துச் சீட்டில் படுத்து எட்டவேண்டும்.

இவ்வளவையும் சிநேகிதனுக்குச் சொன்னேன். வாங்காதே என்றும் சொன்னேன். காரைப் பார்க்கப் போவதென்றால் ஒரு போத்தில் தண்ணீர் கொண்டு போ, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் ஊற்று, கீழே சொட்டாவிட்டால் விலையே கேளாதே என்றேன்.

இன்று காலை நல்ல மழை. டோர்ச்சோடு காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். வலது பக்கம் சொட்டுகிறது. இடது பக்கத்தில் இன்னும் ஒன்றையும் காணவில்லை.