கொள்கை விளக்கக் குறிப்பு: அட்டையில் அமைச்சர், உள்ளே துறை

தமிழ்நாடு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை (ஒரு துறையின் ஆண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்பது) விவாதத்துக்கு வரும் நாளில் ஒவ்வொரு துறையும் அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, அரசின் இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. ஓர் அமைச்சர் தம் துறையை எப்படி நடத்துகிறார் என்று அறிய அது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அட்டையில் துறையின் பெயரும், மானியக் கோரிக்கை எண்ணும் (பள்ளிக் கல்விக்கு 43, மக்கள் நல்வாழ்வுக்கு 19), அமைச்சரின் பெயரும் இருக்கும். துறையின் அமைப்பை விளக்குவதில் இதற்கு ஈடான வேறொரு நூலை நான் பார்த்ததில்லை. போக்குவரத்துத் துறையையே எடுத்துக்கொண்டால், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டும் தனித்தனி நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண் இயக்குநர் உண்டு. ஊருக்குப் பேருந்து வரவில்லை என்று அமைச்சரைத் திட்டுகிற நாம், அவருக்கும் அந்தப் பேருந்துக்கும் இடையே எத்தனை நாற்காலிகள் கிடக்கின்றன என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஆனால் அந்த நாற்காலிகளில் எதிலிருந்து எந்த முடிவு பிறந்தது என்பதை இந்தக் குறிப்பு சொல்வதில்லை. அரசாணையும் சொல்லாது, அரசியலமைப்பின் 166ஆவது பிரிவின்படி நிருவாக நடவடிக்கைகள் யாவும் ஆளுநரின் பெயரிலேயே வெளிவர வேண்டும் என்பதால், 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற வரிக்குக் கீழே துறைச் செயலாளரின் பெயர்தான் இருக்கும். பிரிவு அலுவலரிடமிருந்து சார்புச் செயலாளர், செயலாளர் என ஏறிவரும் கோப்பில் அமைச்சர் இடும் கையெழுத்து கோப்போடு நின்றுவிடுகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் யாருடைய முடிவு என்று கேட்டால் எவரும் சொல்லிவிடுவார்கள்: 2021 மே 7 அன்று, பதவியேற்ற நாளிலேயே, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்டார். ஒரு பணிமனை ஏன் இந்த ஊருக்கு வந்தது, அடுத்த ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் அப்படிப் பதில் கிடைக்காது.

விவாதத்துக்குப் பதிலளிக்கும்போது அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகள் தனித் தொகுப்பாக வருகின்றன. சென்ற ஆண்டுத் தொகுப்பையும் இவ்வாண்டுக் குறிப்பையும் அருகருகே வைத்துப் படித்தால், சொன்னதில் எது நடந்தது என்று ஓரளவு பிடிபடும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பதிவிறக்கிய பழைய கோப்பொன்றில், கண்ணெதிரே இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தேடினால்கூட அகப்படவில்லை; எழுத்துரு அப்படி. ஆங்கிலப் பதிப்பில் தேடி, அந்தப் பத்தியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தமிழுக்குத் திரும்பி வந்து படித்தேன்.