டவுன்ஹால் ரோட்டில் ஹார்டு டிஸ்க் மாற்றிய கதை

டிஸ்க் டேட்டாவை செக்டார் என்ற சின்னத் துண்டுகளாக வைக்கும்; பழைய டிஸ்க்கில் ஒரு செக்டார் 512 பைட், புதிதாக வாங்கியதில் 4096. இது தெரியாமல் நானே வீட்டில் டிடி என்ற காப்பி கமாண்ட் போட்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தேன், ராத்திரி முழுக்க ஓடியும் டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதிகளில், அதாவது பார்ட்டிஷன்களில், ஒன்றுகூடத் தெரியவில்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை. கடைக்கார அண்ணன் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் டேபிளில் இருப்பது செக்டார் எண், பைட் கணக்கு இல்லை; 2048-ஆவது செக்டார் பழையதில் 1 எம்பி தள்ளி, புதியதில் 8 எம்பி தள்ளி, அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கும்? பழையதை எதுவும் எழுத முடியாதபடி ரீட் ஒன்லியாக மாட்டி, புதியதில் புதுசாகப் பார்ட்டிஷன் போட்டு, ஆர்சிங்க் என்ற காப்பி புரோகிராமில் ஃபைல்களை மட்டும் நகர்த்தி, ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் செக்சம் எண்களை ஒப்பிட்டும் காட்டினார். இரண்டு நாள் ஆனது, பில் கேட்டால்தான் தருகிறார், மாடிப்படி வேறு செங்குத்து. சரி, கல்யாண ஆல்பம் முழுசாக வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காதீங்க தம்பி என்றார், பீரோவில் இருக்கிறது.