கல்லுக்குழியை மீட்க: புல்லா, மரமா?

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் மண்ணை நிரவி, இயந்திரத்தால் இறுக்கி, அறுகு பரப்பலாம். நல்ல மாரி கிடைத்தால் விரைவில் பச்சை பிடிக்கும், சரிவில் மண் கரையாது. ஆனால் இறுகிய மண்ணில் பிறகு மரவேர் இறங்காது. புல்லும் கன்றின் ஈரத்தைப் பறிக்கும். அமெரிக்காவில், சுரங்கம் தோண்டிய நிலத்தை மீட்கச் சொன்ன 1977ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நிலக்கரி எடுத்த மலைச்சரிவுகள் பலவற்றுக்கு இந்தக் கதிதான். அதனால்தான் அங்கே அப்பலாச்சியா மலைப்பகுதியில் இப்போது 1.2 மீற்றர் மண்ணை இறுக்காமல் கொட்டி மரம் நடச் சொல்கிறார்கள்.

எங்கள் குழிகளுக்கும் மரமே சரி. அவ்வளவு செம்மண் எங்கும் கிடைக்காது. ஆகவே ஒரு மீற்றர் ஆழக் கிடங்குகளில் மட்டும் மூன்று பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மக்கிய எருவும் இட்டு, மிதிக்காமல் விடுங்கள். பனங்கொட்டையை மாரிக்கு முன்பே நேரடியாக ஊன்றவேண்டும்: முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. இடையில் வேம்பு, பூவரசு.

பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த நிலக்கரிக் கழிவு அமிலமாகும், அங்கே சுண்ணாம்பு இடுவார்கள். இங்கே அதை இடவே கூடாது. ஏற்கெனவே மிகுந்த சுண்ணாம்பால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல், நரம்பு பச்சையாக நிற்க இளம் இலை மஞ்சளாகும், எருவைக் கூட்டுங்கள்.

எந்த வழியானாலும் குப்பையால் குழியை நிரப்பாதீர்கள். கல்வெடிப்புகள் வழியே அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும்.