ஆத்தங்குடித் தரையும் முக்காலியின் காலும்: 360 பாகைப் படங்களைத் திருத்திய ஆறாண்டு அனுபவம்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சில இப்போது தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்கு மெய்நிகர் சுற்றுப்பார்வைக்கான 360 பாகைப் படங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும் 15 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸைப் பொருத்தி, சுற்றிலும் 60 பாகைக்கு ஒன்றாக ஆறு, மேலே ஒன்று, கீழே ஒன்று என எட்டுப் படங்கள் எடுப்பேன். அவற்றை ஒரே படமாக ஒட்டுவதற்கு பிடிகுய் (PTGui) என்ற மென்பொருள், திருத்துவதற்குத் தொடக்கத்தில் கிம்ப் (GIMP), பிறகு அஃபினிட்டி ஃபோட்டோ என்ற மென்பொருள்கள். படத்தில் மிஞ்சும் கறைகளையும் கேமராவைத் தாங்கும் முக்காலியையும் அகற்றுவது பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் நேரத்தைத் தின்றது அதுதான்.

ஒட்டி முடித்த படம் 12000-க்கு 6000 பிக்சல் அளவில், உருண்டையை விரித்துத் தட்டையாக்கிய உலகப்படம் போல வரும். அதன் கடைசி வரிசையில் இருக்கும் 12000 பிக்சல்களும் உண்மையில் முக்காலிக்கு நேர் கீழே உள்ள ஒரே இடம்தான். நடுக்கோட்டிலிருந்து 60 பாகை இறங்கினாலே எல்லாம் பக்கவாட்டில் இருமடங்கு இழுபட்டிருக்கும். இதை உணராமல், முதல் வேலையில் விரித்த படத்தின் மேலேயே குளோன் ஸ்டாம்பால் (படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் கருவி) முக்காலிக் கால்களைத் தேய்த்து அழித்தேன். திரையில் சுத்தமாகத் தெரிந்த அந்தத் தரை, கண்ணில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) கருவியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபோது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தது போல் நடுவில் சுழித்துக் கிடந்தது. கருவியை மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தங்கள் காலடியைத்தான் பார்க்கிறார்கள் என்பது, படத்தை ஒப்படைத்த பிறகே எனக்குத் தெரிந்தது.

ஆகவே கீழ்ப்பார்வையைத் தனியாகத் தட்டைப்படமாக எடுத்துத் திருத்தி, மறுபடி உருண்டையில் ஏற்ற வேண்டும். கிம்பில் உள்ள பனோரமா புரொஜெக்‌ஷன் ஃபில்டர் இரண்டு திசையிலும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் படம் சற்றே மழுங்குவதால், மற்ற பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டு, திருத்திய துண்டை மட்டும் மூலப்படத்தின் மேல் வைக்கப் பழகிக்கொண்டேன். அஃபினிட்டியில் பார்வையைத் திருப்பி அப்படியே திருத்தலாம் என்பதால், நாள் முழுக்க இதே வேலையைச் செய்பவருக்கு அது பெரிய நிம்மதி. படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றே என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஓரத்தை ஒட்டித் திருத்தினால் சுவரில் நூல் பிடித்தது போல ஒரு செங்குத்துக் கோடு விழும். படத்தைப் பாதி அகலம் நகர்த்தி, அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து திருத்தினால் போதும்.

என்னை உண்மையில் பாடாய்ப்படுத்தியது ஆத்தங்குடி டைல்ஸ். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி வார்ப்பதால், ஒரு பூவின் இதழ் ஓரம் அடுத்த கல்லின் பூவில் அப்படியே இருக்காது. பக்கத்துக் கல்லை நகலெடுத்து ஒட்டினால் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டும் தனியாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவு நிரப்பியையும் பலமுறை முயன்றேன். புல்தரையிலும் மணலிலும் கைகொடுக்கும் அது, இங்கே ஏழு இதழ்ப் பூவுக்குப் பக்கத்தில் ஒன்பது இதழ்ப் பூவை முளைக்கவைத்தது. கடைசியில் நிலைத்தது பழைய வழிதான். முக்காலியை அகற்றிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று கையிலேயே தரையைப் படமெடுத்து, பிடிகுய்யில் வியூபாயிண்ட் திருத்தத்தை (வேறிடத்தில் நின்று எடுத்த படத்தைப் பொருத்தும் வசதி) இயக்கி, கற்கள் சேரும் மூலைகளில், இரு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நாலாபக்கமும் பரப்பி வைத்தால், துண்டு கச்சிதமாக உட்காரும். தரை ஒரே சமதளமாக இருந்தால்தான் இது பலிக்கும். படியோ ஊஞ்சல் காலோ குறுக்கிட்டால் பொருந்தாது. இன்னொரு சிக்கலும் உண்டு: மெருகேறிய தரையில் விழும் முற்றத்து வெளிச்சம், நாம் நிற்கும் இடத்துக்கேற்ப நகரும். கற்கள் கோடு பிசகாமல் சேர்ந்த பின்னும் பளபளப்பு சேராமல் திட்டாக நிற்கும். அதை மென்மையான பெரிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறவைத்துத்தான் சரிசெய்கிறேன். குறுக்குவழி எதுவும் இதுவரை அகப்படவில்லை.

கேமரா சென்சாரில் படிந்த தூசியை, படங்களை ஒட்டி முடித்த பிறகு தேடுவது வீண் வேலை. மொட்டைமாடியில் எடுத்த ஒரு படத்தின் வானில், 2000 பிக்சலுக்கு ஒன்றாக ஆறு சாம்பல் புள்ளிகள் வரிசைகட்டி நின்றன. எல்லாம் ஒரே தூசிதான். மூலப்படம் ஒன்றில் அழித்து, அந்தத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் நகலெடுத்துவிட்டு ஒட்டினால் ஒரு நிமிட வேலை.

ஒருமுறை, திருத்திய கோப்பைச் சேமித்தபோது மெட்டாடேட்டாவை (கோப்புக்குள் இருக்கும் படம் பற்றிய குறிப்புகளை) நானே கவனக்குறைவாக நீக்கிவிட, பதிவேற்றிய படம் உருண்டையாகத் திறக்காமல் நீளப் பட்டையாகத் திறந்தது. இப்போது கடைசி வேலையாக அந்தக் குறிப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எக்ஸிஃப்டூலைக் கொண்டு, இது ஈக்விரெக்டாங்குலர் (உருண்டையை விரித்த) படம் என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிடுகிறேன்.

முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடிகள் மட்டும் இன்றும் தீராத தலைவலி. என் உருவத்தை, வேறிடத்தில் நின்று எடுத்த இன்னொரு படத்தைக் கொண்டு மறைத்துவிடலாம். ஆனால் முக்காலி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் செலவிட்டு அதையும் அழித்தேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கருவியை மாட்டிக் கண்ணாடிப் பக்கம் திரும்பியதும், "என்ன தம்பி, கண்ணாடி முன்னாடி நிக்கிறேன், ஒண்ணுமே தெரியலையே. பேய் வீடுன்னுல்ல நினைச்சுக்குவாங்க" என்றார். அன்று மாலையே கண்ணாடிக்குள் முக்காலியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.