டோட்டோன்போரியில் மெனு அட்டையோடு வருகிறவர் பின்னால் போகாதீர்கள்

ஜப்பானில் ஒசாகாவுக்குச் சாப்பிடுவதற்கென்றே போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கடைகள் நிறைந்த நம்பா, டோட்டோன்போரி பக்கம் இரவில் லேமினேட் செய்த மெனு அட்டையை நீட்டியபடி, "இரண்டு மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், ஆளுக்கு 1,500 யென்தான்" என்று வருவார்கள். நின்று பேசவே வேண்டாம்.

நானும் அக்காவும் பக்கத்து ஊர்களான கியோட்டோ, நாரா எதையும் திட்டத்தில் சேர்க்கவில்லை. பகலில் நன்றாகத் தூங்குவது, சாயங்காலம் கிளம்பித் தின்பது, அவ்வளவுதான். தின்றே சொத்தை அழிக்கிற ஊர் என்று ஜப்பானியர்களே கேலி செய்யும் ஊர் அது. எங்கள் காசு போனது தின்றதால் அல்ல.

சனிக்கிழமை இரவு, பேர்போன ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் போட்ட அடை மாதிரி) கடை ஒன்றின் முன்னால் நீண்ட வரிசை. பக்கத்தில் நின்ற பையன் நல்ல ஆங்கிலத்தில், "இங்கே இடமில்லை, இதே கடையின் கிளை பின்தெருவில் இருக்கிறது" என்றான். கிளையாவது கொப்பாவது! கூட்டிப்போனது குறுகலான ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்கு.

உட்கார்ந்ததுமே, கேட்காமல், ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் நாலு துண்டு முட்டைக்கோஸ் வந்தது. ஓதோஷி என்பார்கள். இசகாயாக்களில், அதாவது குடியும் தீனியுமாக இருக்கும் கடைகளில், இது வழக்கம்தான். பொதுவாக 300 முதல் 500 யென் வரை வாங்குவார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். எங்களிடம் போட்டது ஆளுக்கு 980.

பில் என்று வந்த துண்டுச்சீட்டில் கூட்டுத்தொகை மட்டும் இருந்தது: 17,635 யென். "டேய், எதுக்கு எவ்வளவுன்னு வரி வரியா எழுதித் தரச் சொல்லுடா" என்றாள் அக்கா. எழுதித் தந்தார்கள். குடிக்கு இருவருக்கும் 3,000. முட்டைக்கோஸ் 1,960. உட்கார்ந்ததற்கு 1,600. சனிக்கிழமை என்பதற்காக 1,400. ஆளுக்கு மூன்று பதார்த்தமாவது வாங்க வேண்டுமாம், அது 5,400. வந்ததோ உலர்ந்துபோன கோழிக் குச்சிகளும் ஆறிய வறுவலும். இத்தனைக்கும் மேலே 20 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேலே 10 சதவீத வரி. மெனுவின் அடியில் எறும்பு சைஸ் ஜப்பானிய எழுத்தில் எல்லாம் இருப்பதாகக் காட்டினார்கள். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பார்த்தால், இருக்கத்தான் செய்தது.

கொபான் எனும் தெருமுனைப் போலீஸ் சாவடிக்குப் போனோம். அங்கிருந்த போலீஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் பணத் தகராறு கடைக்கும் உங்களுக்கும் இடையிலானது என்று சொல்லிவிட்டார். மிரட்டினாலோ வெளியே விடாமல் தடுத்தாலோ போலீஸ் அவசர எண்ணான 110க்கு அழைக்கலாம். இத்தனைக்கும் அந்தப் பகுதியில் தெருவில் ஆள் பிடிப்பதையே நகர விதி தடை செய்கிறது. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்க, அதன் கீழேயே நின்று பிடிக்கிறார்கள்.

நல்ல கடைக்கு ஒசாகாவில் பஞ்சமே இல்லை. வாசலிலேயே விலை எழுதியிருக்கிறதா, வரியோடு சேர்ந்த தொகையா என்று பாருங்கள்; 2021 ஏப்ரலிலிருந்து வரி சேர்த்த விலையைக் காட்டுவது அங்கே கட்டாயம். ஷின்செகாய் என்ற பகுதியில், குச்சியில் குத்திப் பொரித்த குஷிகாட்சு விற்கும் கடைகளில் குச்சிக்கு இவ்வளவு என்று போர்டு தொங்கும். கடித்த குச்சியைப் பொதுச் சாஸில் மறுபடி முக்காமல் இருந்தால் போதும், ஒரு வம்பும் இல்லை. தெருவோர டகோயாகிக்கும் (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை) அப்படித்தான், விலையைப் பார்த்துவிட்டு வாங்கலாம். குரோமோன் சந்தையில் மட்டும் நண்டு, மாட்டிறைச்சிக் குச்சி போன்றவற்றின் விலையைக் கேட்டுக்கொண்டு கைவையுங்கள்.

மேப்பில் நட்சத்திரம் பார்த்துப் போகலாம் என்றால் அதிலும் விஷயம் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்று எங்கள் மேசையிலேயே அட்டை வைத்திருந்தார்கள். அதனால் ஒரு நட்சத்திரப் பதிவுகளை முதலில் படியுங்கள். இருக்கைக் கட்டணம், வார இறுதிக் கட்டணம் என்று நாலு பேர் புலம்பியிருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.